காது இரைச்சல் குழுவுக்கு யார் காசு தருவார்கள்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் டின்னிடஸ் பற்றி, அதாவது வெளியே ஒரு சத்தமும் இல்லாதபோது காதுக்குள் மட்டும் ஓயாமல் கேட்கும் இரைச்சல் பற்றி, ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் வைத்தியம் கேட்டவர்களைவிட, ‘நாங்கள் குழுவாகச் சேர்ந்திருக்கிறோம், நிதி எங்கே கிடைக்கும்’ என்று கேட்டவர்கள்தான் அதிகம். நான் டாக்டர் இல்லை. தொண்டு நிறுவனங்களுக்குக் கணக்குப் பார்த்து, நிதி விண்ணப்பம் எழுதிக்கொடுத்துப் பிழைப்பவன். அதனால் இந்தக் கேள்விகள் எனக்கு வசதி. இந்த மாதம் முழுக்க இதுதான்.

கேள்வி: என் அப்பா ஒர்க்‌ஷாப்பில் ரிவெட் அடித்து ஓய்வு பெற்றவர். பல வருடமாகக் காதில் ‘குய்’ என்று சத்தம். அவரைப் போல இருபது பேர் மாதம் இரண்டு ஞாயிறு எங்கள் குடியிருப்புச் சங்க ஹாலில் கூடுகிறார்கள். கேட்கும்திறனைப் பரிசோதிக்கும் ஒரு ஆடியாலஜிஸ்ட் இலவசமாக வந்து பேசுகிறார். கரன்ட் போனால் கூட்டத்தை முடித்துவிடுவோம், ஃபேன் நின்றதும் எல்லாருக்கும் காது கத்த ஆரம்பித்துவிடும். ஹால் வாடகை, டீ, பரிசோதனை எல்லாம் கைக்காசு. இதைப் பதிவு செய்து கிராண்ட் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வருகிறார். வருகிற பணத்தில் 15 சதவீதம் கமிஷன், முன்பணம் தனி. நம்பலாமா சார்?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: முதலில் கமிஷன்காரருக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடுங்கள் அம்மா. நிதி கொடுப்பவர்கள் மொத்தமாக ஒரு தொகையைத் தூக்கிக் கொடுப்பதில்லை, வாடகைக்கு இவ்வளவு, பரிசோதனைக்கு இவ்வளவு என்று பட்ஜெட்டின் ஒவ்வொரு வரிக்கும்தான் கொடுக்கிறார்கள். அதில் கமிஷன் என்று ஒரு வரி எங்கேயும் கிடையாது. அப்படியென்றால் அந்த 15 சதவீதத்தை எடுக்க யாரோ ஒரு பொய் பில் போடவேண்டும், அதில் கையெழுத்துப் போடப்போவது அவர் இல்லை, உங்கள் அப்பா. எழுதித் தருவதற்கு இவ்வளவு ரூபாய் என்று முன்கூட்டியே பேசி, நிதி வந்தாலும் வராவிட்டாலும் அதே கூலி என்றால் அது நியாயமான தொழில், நானும் அதைத்தான் செய்கிறேன்.

பதிவு விஷயம். இரண்டு வழி உங்களுக்குப் பொருந்தும். ஒன்று டிரஸ்ட்: பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. இன்னொன்று 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி சங்கம்: குறைந்தது ஏழு பேர் வேண்டும், வருடாவருடம் பொதுக்குழு கூட்டி ஆவணங்களைத் தாக்கல் செய்யவேண்டும். உங்களைப் போல பாதிக்கப்பட்டவர்களே சேர்ந்து நடத்தும் குழுவுக்குச் சங்கம்தான் நியாயமான உருவம், ஆளுக்கு ஒரு ஓட்டு இருக்கும். ஆனால் பொதுக்குழு, தேர்தல், படிவம் என்று யாராவது ஒருவர் விடாமல் ஓடவேண்டும், அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் டிரஸ்ட்டே போதும். ஒன்றே ஒன்று, டிரஸ்டிகள் எல்லாரும் ஒரே குடும்பமாக இருக்கவேண்டாம். அப்பா, அம்மா, மகள், மருமகன் என்று நாலு பெயரைப் பார்த்ததும் நிதி கொடுப்பவர் கோப்பை மூடிவிடுவார். வெளியில் சொல்லவும் மாட்டார்.

பதிவானதும் பேன் கார்டு, தனி வங்கிக் கணக்கு, வருமான வரித்துறையில் 12ஏ, 80ஜி. 2025-இல் வந்த புதிய வருமான வரிச் சட்டம் பிரிவு எண்களை மாற்றிவிட்டது என்றாலும் ஆடிட்டர்கள் முதல் கம்பெனிகள் வரை எல்லாரும் இன்னும் இந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். 12ஏ இல்லாவிட்டால் வருகிற நன்கொடை டிரஸ்டின் வருமானமாகி வரி விழும். 80ஜி என்பது கொடுப்பவருக்குக் கிடைக்கும் சலுகை, பெரும்பாலும் கொடுத்த தொகையில் பாதிக்கு. ஆனால் புதிய வரி முறைக்கு மாறிவிட்ட சம்பளக்காரர்களுக்கு அந்தக் கழிவு கிடையாது. அதனால் ‘80ஜி உண்டு, கொடுங்கள்’ என்று ஐ.டி. பிள்ளைகளிடம் போய் நின்றால் அவர்கள் சும்மா தலையாட்டுவார்கள். அப்புறம் தொண்டு நிறுவனங்களுக்கென்று நிதி ஆயோக் வைத்திருக்கும் தர்ப்பண் இணையதளத்தில் பதிவு. இலவசம், அரசு உதவி கேட்கும்போது அந்த எண்ணைக் கேட்பார்கள்.

இதெல்லாம் காகித வேலை, ஒரு நல்ல ஆடிட்டர் முடித்துவிடுவார். காசு வருவதும் வராததும் இதில் இல்லை. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, கரன்ட் போனால் கூட்டத்தை முடித்துவிடுவோம் என்று, அந்த வரியில் இருக்கிறது. டின்னிடஸில் பெரிய தொல்லை, அது வெளியே யார் கண்ணுக்கும் தெரியாது. கண் தெரியாதவருக்குக் கையில் குச்சி இருக்கிறது, நடக்க முடியாதவருக்குச் சக்கர நாற்காலி இருக்கிறது, உங்கள் அப்பா பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருப்பார். நிதி தரப்போகிறவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலுக்குக் கூப்பிடுங்கள். அறிக்கை, பவர்பாயின்ட் ஒன்றும் வேண்டாம். உறுப்பினர்களின் சம்மதத்தோடு, ஒரே ஒரு நிமிடம் எல்லா ஃபேனையும் நிறுத்துங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தை அவர் பார்க்கட்டும். உள்காதின் நுண்மயிர் செல்கள் சேதமாகி அங்கிருந்து வரவேண்டிய ஒலித் தகவல் குறைந்ததும் மூளை தன் பங்குக்கு வால்யூமைக் கூட்டிவைத்துக்கொள்கிறது, அமைதியில் அதுதான் முன்னால் வந்து நிற்கிறது என்று உங்கள் ஆடியாலஜிஸ்ட் அப்போது விளக்கினால், கேட்பவருக்கு அது பாடமாக இருக்காது.

முதல் வருடம் பெரிய இடத்துக்குப் போகாதீர்கள். உங்கள் ஏரியா ரோட்டரி, லயன்ஸ் கிளப்களில் தொடங்குங்கள். இரண்டு அமைப்புக்கும் புது வருடம் ஜூலை 1-இல் பிறக்கிறது, புதுத் தலைவர் வருகிறார், அந்த வருடம் எதைச் செய்யலாம் என்ற யோசனை அதற்கு முந்தைய ஓரிரு மாதத்தில் ஓடும். மே மாதம் போய் நின்றவருக்கும் பிப்ரவரியில் போய் நின்றவருக்கும் கிடைக்கும் பதிலே வேறு. இன்னொன்று, நம் ஊரில் அப்பாவின் நினைவு நாளுக்கு, அறுபதாம் கல்யாணத்துக்கு அன்னதானம் செய்யக் காசு எடுத்துவைப்பவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ‘உங்கள் அப்பா பெயரில் பத்துப் பேருக்குக் கேட்கும்திறன் பரிசோதனை’ என்று ஒரு சின்னத் தாள் அடித்துக்கொடுங்கள். ஆயிரம் இரண்டாயிரமாகத்தான் வரும், ஆனால் பரிசோதனைச் செலவு அதில் ஓடிவிடும். ஒரு வருடம் இப்படி நடத்திய கணக்கு கையில் இருந்தால் அடுத்த வருடம் உங்களிடம் பேசும் குரலே மாறிவிடும்.

கேள்வி: தாம்பரத்தில் எங்கள் டிரஸ்ட். ஒரு பெரிய அறக்கட்டளைக்கு 25 லட்சம் கேட்டு விண்ணப்பித்தோம், ஒரே வாரத்தில் நிராகரித்துவிட்டார்கள், காரணம் சொல்லவில்லை. நகல் இணைத்திருக்கிறேன். என்ன தப்பு?
– ஒரு செயலாளர், தாம்பரம்

பதில்: நகலின் முதல் வரியை வாசகர்களுக்காக அப்படியே தருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் சார்: ‘காது இரைச்சல் எனும் கொடிய நோயால் அல்லலுறும் ஏழை எளிய மக்களின் வாழ்வில் ஒளியேற்றி, அந்நோயை அறவே ஒழிக்கும் உன்னத நோக்கோடு எமது அறக்கட்டளை அயராது பாடுபட்டு வருகிறது.’

அறவே ஒழிப்பீர்களா? டின்னிடஸை நிறுத்தும் மருந்து இன்றைக்கு உலகத்தில் எங்கும் இல்லை. விண்ணப்பத்தைப் படிப்பவர் ஒரு ஈஎன்டி டாக்டருக்கு போன் போட்டால் இரண்டு நிமிடத்தில் இது தெரிந்துவிடும், அத்தோடு மற்ற பக்கங்களைப் புரட்டவே மாட்டார். உண்மையில் உங்களால் செய்ய முடிந்ததே போதுமான அளவு பெரியது. சத்தம் இருந்தாலும் தூங்க முடிவது, வேலைக்குப் போக முடிவது, வீட்டில் எரிந்து விழாமல் இருப்பது. இதற்கு வழி உண்டு. கேட்கும்திறன் குறைந்தவருக்கு ஹியரிங் எய்டு போட்டாலே பலருக்கு இரைச்சல் பின்னால் போய்விடுகிறது. எண்ணப் பழக்கத்தை மாற்றும் சிபிடி ஆலோசனை, இரைச்சலால் வாழ்க்கை கெடுவதைக் குறைக்கலாம் என்று 2020-இல் வந்த, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. இரவில் மெல்லிய பின்னணி ஒலி வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுக்கலாம். எழுதவேண்டியது இதைத்தான்.

நான் எழுதியிருந்தால் முதல் பத்தி இப்படி இருந்திருக்கும்: ‘தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் காது இரைச்சலோடு வாழும் 60 பேருக்கு ஓராண்டு மாதம் இருமுறை குழுச் சந்திப்பு, ஒவ்வொருவருக்கும் ஒரு கேட்கும்திறன் பரிசோதனை, தேவைப்படும் 20 பேருக்குத் தலா ஆறு முறை உளவியல் ஆலோசனை. சேரும்போதும் ஆறாம் மாதத்திலும் ஆண்டு முடிவிலும் ஒரே கேள்வித்தாளால் அளந்து பார்ப்போம்.’ அலங்காரம் ஒன்றும் இல்லை. ஆனால் படிப்பவர் மனதுக்குள் 60 பேரை எண்ணிவிடுவார், பணத்தை 60-ஆல் வகுத்தும் பார்த்துவிடுவார்.

அந்தக் கேள்வித்தாள் என்ன என்று கேட்பீர்கள். டின்னிடஸ் ஹேண்டிகேப் இன்வென்டரி என்று ஒன்று 1996-இல் அமெரிக்காவில் வெளியானது, உலகம் முழுக்க இதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். 25 கேள்வி. தூங்கக் கஷ்டமாக இருக்கிறதா, ஆட்களோடு பேசும்போது சிரமமா என்கிற மாதிரி. ஆம் என்றால் 4, சில நேரம் என்றால் 2, இல்லை என்றால் 0. கூட்டினால் 0 முதல் 100 வரை வரும், 58-க்கு மேல் போனால் கடுமை. சேரும்போது 62 இருந்த ஒருவர் ஆறு மாதத்தில் 44-க்கு வந்தார் என்று காட்ட முடிந்தால், சத்தம் நிற்கவில்லை ஆனால் ஆள் எழுந்துவிட்டார் என்பது ஒரு எண்ணில் தெரிந்துவிடும். பொறுப்பை உங்கள் ஆடியாலஜிஸ்டிடம் விடுங்கள், நீங்களாகத் தமிழ்ப்படுத்திக்கொண்டு கேட்கவேண்டாம்.

தேவை எவ்வளவு பெரிது என்ற பகுதியில் இந்தியாவில் இத்தனை கோடிப் பேர் என்று எழுதியிருக்கிறீர்கள், எங்கிருந்து எடுத்தீர்கள் என்று இல்லை. 2022-இல் ஜாமா நியூராலஜி என்ற மருத்துவ இதழில் வந்த உலகளாவிய தொகுப்பாய்வு, பெரியவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவில் டின்னிடஸ் உண்டு, சுமார் 2 சதவீதம் பேருக்குக் கடுமையாக என்கிறது. அதை ஒரே வரியில் போட்டுவிட்டு, மீதி இடத்தில் உங்கள் சேர்க்கைப் பதிவேட்டில் இருப்பதை எழுதுங்கள்: எத்தனை பேர் வந்தார்கள், என்ன வேலை பார்த்தவர்கள், எத்தனை பேருக்கு இதுவரை ஒரு பரிசோதனைகூட நடக்கவில்லை.

பட்ஜெட்டிலும் ஒரு விஷயம். ஆடியாலஜிஸ்ட் சும்மா வருகிறார் என்பதால் அவர் பெயருக்கு நேரே பூஜ்யம் போட்டிருக்கிறீர்கள், ஆனால் அலுவலக மேஜை நாற்காலிக்கு ஒரு தொகை இருக்கிறது. தலைகீழாக இருக்கவேண்டும். அவருக்கு மதிப்பூதியம் போடுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அந்தத் தொகையை ‘எங்கள் பங்கு’ என்று காட்டுங்கள். அடுத்த வருடம் அவர் கல்யாணமாகி ஊர் மாறிப்போனால் புதிதாக வருகிறவருக்கு யார் கொடுப்பது?

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சிஎஸ்ஆர் பணம், அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம், கேட்டோம். ‘மூன்று வருட அனுபவம் இருக்கா, சிஎஸ்ஆர் 1 இருக்கா’ என்றார்கள். இல்லை என்றதும் அவ்வளவுதான். பக்கத்துப் பட்டறை முதலாளியோ, ‘என் ஆட்களுக்குக் காது டெஸ்ட் பண்ணிக் கொடுங்க, அதையே சிஎஸ்ஆர்னு காட்டிக்கிறேன்’ என்கிறார். எது சரி?
– ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: கம்பெனி சொன்னது சரி, பட்டறைக்காரர் சொன்னது தப்பு. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி அல்லது விற்றுமுதல் 1,000 கோடி அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும். அதை வெளியமைப்பு மூலம் செய்தால் அந்த அமைப்புக்கு 12ஏ, 80ஜி, அதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவம், கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர் 1 பதிவு எல்லாம் வேண்டும். உங்கள் பட்டறைக்காரர் அந்த வரம்புக்குப் பக்கத்திலேயே வரமாட்டார். வந்தாலும் தன் சொந்தத் தொழிலாளிக்குச் செய்வது சிஎஸ்ஆர் ஆகாது. அது அவர் கடமை. இரைச்சலால் வரும் கேட்கும்திறன் இழப்பு சட்டப்படியே தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. அந்தத் தொழிலாளிகளிடம் இஎஸ்ஐ அட்டையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், உங்கள் பணத்தை அதில் கரைக்காதீர்கள்.

மூன்று வருடம் காத்திருக்க முடியாது என்றால், காது கேளாதோருக்கோ முதியோருக்கோ ஏற்கெனவே வேலை செய்யும் ஒரு பழைய அமைப்போடு ஒப்பந்தம் போட்டு, அவர்களின் ஒரு திட்டமாக உள்ளே போங்கள். பெயர் அவர்களுடையதாக இருக்கும், கொஞ்சம் மனசு கஷ்டப்படும், பரவாயில்லை. பணம் எதற்கு, யார் செலவு செய்வார், பில் யாரிடம் இருக்கும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் ‘நோய்த் தடுப்பு உள்ளிட்ட சுகாதாரம்’ என்ற தலைப்பின் கீழ் வாருங்கள், சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் அதற்கு இடம் இருக்கிறது. நிதியாண்டு மார்ச்சில் முடிவதால் ஜனவரி, பிப்ரவரியில் செலவாகாத பணத்தை வைத்துக்கொண்டு கம்பெனிகள் முழிக்கும். மார்ச் 3 உலக செவித்திறன் நாள் வேறு. அப்போது ஒரு சின்ன முகாமுக்கான பட்ஜெட்டைக் கையில் தயாராக வைத்திருப்பவருக்கு வேலை நடக்கும்.

கேள்வி: அண்ணன் மகன் லண்டனில் இருக்கிறான். ‘இங்கே டின்னிடஸுக்கென்றே பெரிய சாரிட்டி இருக்கு சித்தப்பா, அவங்ககிட்ட கேட்கலாம், இல்லாட்டி நானும் என் ஃபிரெண்ட்ஸும் சேர்ந்து அனுப்புறோம்’ என்கிறான். வாங்கலாமா?
– ஒரு வாசகர், அண்ணா நகர்

பதில்: பையனுக்கு நல்ல மனசு. ஆனால் வெளிநாட்டுப் பணத்தில் அவசரப்பட்டால் கையைச் சுட்டுக்கொள்வீர்கள். அவன் சொல்வது டின்னிடஸ் யூகே. 1979-இல் பிரிட்டிஷ் டின்னிடஸ் அசோசியேஷன் என்று தொடங்கி 2022-இல் பெயர் மாற்றிக்கொண்டார்கள், ஷெஃபீல்டில் இருக்கிறார்கள். அவர்களே ஊர் ஊராக நன்கொடை திரட்டி அந்த நாட்டு மக்களுக்கு உதவி எண்ணும் ஆதரவுக் குழுக்களும் நடத்துபவர்கள். பெரம்பூருக்கும் அண்ணா நகருக்கும் காசு அனுப்புவது அவர்கள் வேலை இல்லை. அங்கே லாட்டரிப் பணத்தில் சின்ன அமைப்புகளுக்கு நிதி தரும் நேஷனல் லாட்டரி கம்யூனிட்டி ஃபண்டும் அந்த நாட்டுக்குள் நடக்கும் வேலைக்குத்தான். அவர்கள் ஆதரவுக் குழுக்களை எப்படி நடத்துகிறார்கள் என்று படித்துப் பாருங்கள், அதற்குக் காசு வேண்டாம்.

அடுத்தது, பையனிடம் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று கேளுங்கள். இந்திய பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை பார்க்கிறவன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதியாகக் கருதப்படாது. பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியிருந்தால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை கையில் இருந்தாலும், அவன் கொடுக்கும் நூறு பவுண்டும் வெளிநாட்டு நிதிதான், வெளிநாட்டு நிதிக்கான எஃப்சிஆர்ஏ சட்டத்தின் அனுமதி இல்லாமல் டிரஸ்ட் தொடவே கூடாது. அந்தப் பதிவுக்கு அமைப்பு மூன்று வருடமாவது இயங்கியிருக்கவேண்டும், கடந்த மூன்று நிதியாண்டில் முக்கியப் பணிகளுக்கு 15 லட்சமாவது செலவிட்டிருக்கவேண்டும். கிடைத்தாலும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில்தான் பணம் வந்து இறங்கவேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. எஃப்சிஆர்ஏ வைத்திருக்கும் வேறு டிரஸ்ட் வழியாக வாங்கி நம் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், 2020 திருத்தத்துக்குப் பிறகு அது சட்டப்படி குற்றம். ஃபிரெண்ட்ஸ் பணத்தை எல்லாம் தன் கணக்கில் சேர்த்து அவன் பெயரில் அனுப்புவதும் வேண்டாம், அது அவன் சொந்தச் சேமிப்பு இல்லையே.

கேள்வி: என் கணவர் தவில் வித்வான். நாற்பது வருடமாக வாசிக்கிறார், இப்போது இரண்டு காதிலும் இரைச்சல், கச்சேரி குறைந்துவிட்டது. மாற்றுத்திறனாளி சான்று வாங்கினால் உதவித்தொகை கிடைக்குமா? நாங்கள் சேர்ந்திருக்கிற குழுவுக்கு மாற்றுத்திறனாளிகள் துறையில் நிதி கேட்கலாமா?
– ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: காது இரைச்சலுக்காக மட்டும் சான்று கிடைக்காது அம்மா. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, டின்னிடஸ் அதில் இல்லை. கேட்கும்திறன் குறைவு இருக்கிறது, ஆனால் இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பாவது இருக்கவேண்டும். நாற்பது வருடம் தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் கூடு போட்ட விரல் அடி காதுக்குப் பக்கத்திலேயே விழுந்துகொண்டிருந்தவருக்குக் கேட்கும்திறனும் குறைந்திருக்க வாய்ப்புண்டு, அதை அவரே கவனித்திருக்க மாட்டார். அரசு பொது மருத்துவமனையிலோ ஸ்டான்லியிலோ ஈஎன்டி பிரிவில் ஆடியோகிராம் எடுத்துப் பாருங்கள், அந்த அளவு இழப்பு இருந்தால் சான்றுக்கு வழி இருக்கிறது. சான்று கிடைக்காவிட்டாலும் நலிந்த கலைஞர்களுக்கான மாத உதவித்தொகை இயல் இசை நாடக மன்றம் வழியாக இருக்கிறது, அதற்குக் காது ஒரு தகுதியே இல்லை, அவர் தவிலே போதும். குழுவைப் பொறுத்தவரை, ‘கேட்கும்திறன் குறைந்தோருக்கான மறுவாழ்வு’ என்று வரும் பகுதிக்கு மட்டும் அந்தத் துறையை அணுகுங்கள். எல்லாவற்றையும் அதற்குள் திணித்தால் கோப்பு ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குத்தான் போய்க்கொண்டிருக்கும்.

என் பங்குக்கு ஒன்று. மார்கழி சீசனில் சபாக்காரர்களிடம் உங்கள் குழு பேசிப் பார்க்கலாம். தவில், மிருதங்கம், பேண்டு வாசிப்பவர்களுக்கு ஒலியைச் சீராகக் குறைக்கும் காதடைப்பான்கள் உண்டு, இசை கெடாது. கச்சேரிக்கு ஸ்பான்சர் செய்கிறவர்களுக்கு இந்தச் செலவு ஒரு பொருட்டே இல்லை.

கேள்வி: காதில் இரைச்சல் நிற்க எந்த எண்ணெய் விடலாம்? குழுவில் நிதி சேர்த்து எல்லாருக்கும் வாங்கித் தரலாம் என்று இருக்கிறோம்.
– ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: எதுவும் விடவேண்டாம். அந்தக் காசில் ஈஎன்டி டாக்டரிடம் போக ஆட்டோ வைத்துக்கொடுங்கள். ஒரே காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கும் இரைச்சல், தலைசுற்றலோடு வருவது, இதெல்லாம் கட்டாயம் பார்க்கவேண்டியவை. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் ‘சளிதான், சரியாகிவிடும்’ என்று இருக்காமல் அன்றைக்கே ஓடவேண்டும், நாள் போகப் போக சிகிச்சை பலிக்கும் வாய்ப்பு குறையும்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் ‘இந்தச் சத்தத்தோடு இருக்கிறதைவிடப் போய்ச் சேர்ந்துடலாம்’ என்றார். நாங்கள் எல்லாரும் சாதாரண ஆட்கள், என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆலோசகர் வைக்க நிதி கிடைக்குமா?
– ஒரு தன்னார்வலர், கொளத்தூர்

பதில்: நிதி அப்புறம். இன்றைக்கே அவரிடம் தனியாகப் பேசுங்கள், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் சினேகா அமைப்பும் இதற்காகவே இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே போனைப் போட்டுக் கொடுங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள், வீட்டில் ஒருவருக்குச் சொல்லுங்கள். ஆலோசகருக்கான பணத்தை இனிமேல் எந்த விண்ணப்பம் எழுதினாலும் முதல் வரியில் போடுங்கள். குறைக்கச் சொன்னால் டீயையும் பேனரையும் குறையுங்கள், இதை விட்டுக்கொடுக்காதீர்கள். அவர் சொன்னதை எந்த விண்ணப்பத்திலும் எழுதவேண்டாம், பெயர் மாற்றியும் வேண்டாம்.

கேள்வி: ஒருவர் 5,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்து, 80ஜி ரசீது கேட்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு பொருளாளர், வில்லிவாக்கம்

பதில்: பணத்தை வாங்கி ரசீது கொடுக்கலாம், ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவருக்கு வரிக் கழிவு கிடைக்காது. மூன்று ரசீதாகப் பிரித்துப் போட்டுத் தரச் சொல்வார், செய்யாதீர்கள். யூபிஐ-யில் அனுப்பச் சொல்லி, அவர் பேன் எண்ணை அன்றைக்கே வாங்கிப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். வருடக் கடைசியில் நன்கொடையாளர் பட்டியலை வருமான வரித்துறைக்குக் கொடுக்கவேண்டும், அப்போது உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் போன் போட்டு பேன் கேட்டால் பாதிப் பேர் எடுக்க மாட்டார்கள்.